கொடுப்புக்குள்

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்று எழுதிய துண்டுகள் ஐந்தை
மீன் மணக்கும் பொலித்தீன் பைக்குள் மடித்து
மருதமுனையிலிருந்து மட்டக்களப்புக்கு
பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார் ஆதம்பாவா.
கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர்.
வாயால் சீவிக்கிறவர்.

கடைவாய்ப் பல் பிடுங்கி
வருசம் பதினொன்று.
புண் ஆறி, முரசு மூடி
நாக்கும் மறந்துபோன குழி.
"அதுக்குள்ள ஆரோ இரிக்காங்க டொக்டர்."
வீக்கமில்லை, சீழில்லை, காய்ச்சலில்லை.
ஐந்தாவது துண்டு அவரை
மனநோய் கிளினிக்குக்கு அனுப்பியிருந்தது.
போயிருக்கிறார். "நல்ல மனிசன்.
என்னட்ட மீன் விலை கேட்டார்."

நோவு ஏறுகிற நாளில்
சொக்கைக் கையால் பொத்திக்கொண்டு விலை சொல்வாராம்.
அது ஏதோ இரகசியச் சைகை என்று
வியாபாரிகள் ஏறிக் கேட்பார்களாம்.
"நோவாலயும் கொஞ்சம் உழைச்சன்."

படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன்.
வெள்ளை அலகு, ஒழுங்கான அலகு,
கொடுப்புக்குள் சிரித்தது.

திறந்தேன்.
மேலே மெல்லிய ஓடு; தட்டினால் எலும்பின் சத்தம்.
உள்ளே, நான் அழுத்தாமலே
கரண்டி இறங்கியது.
மஞ்சளாக, வழுவழுவென்று,
கரண்ட் போன வீட்டில் இளகிய மாஜரீன் மாதிரி.
கிண்ணத்து உப்புநீரில்
துளித்துளியாய் அவருடைய எலும்பு மிதந்தது.
எலும்பு மிதக்காது என்று
வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.
மிஸ்ஸி சிவரூபி முகக்கவசத்துக்கு மேலால் பார்த்தாள்.
நான் அவளைப் பார்க்கவில்லை.

ஒரு துண்டு நுணுக்குக்காட்டிக்கு.
ஒரு துண்டு கொழும்புக்கு,
எந்த மரபணு விழித்திருக்கிறது
எது தூங்குகிறது என்று எண்ணிப் பார்க்க.
ஆஸ்பத்திரி ஐஸ் மெஷின் பழுது.
வாடியிலிருந்து ஐஸ் கொண்டுவந்தவன்
அவருடைய இளைய மகன்.

ஏழு கிழமையால் முடிவு வந்தது.
நெருப்பு மூட்டுவதில் பேர்போன இரண்டும்
நோன்புப் பகலின் சாப்பாட்டுக்கடைபோல்
கதவு சாத்திக் கிடந்தன.
ஒன்று மட்டும் இருபது மடங்கு.
அதற்கு எரிக்கத் தெரியாது. கூப்பிடத் தெரியும்.
வா, இங்கே காயம், இங்கே காயம் என்று
இரத்தத்தில் தன்பாட்டில் போகும் வெள்ளணுக்களை
மறித்துக் கூப்பிடும்.
காயமோ பதினொரு வருசப் பழசு.
கூடை கழுவி, மணலில் இரத்தம் காய்ந்து
காகமும் போய்விட்டது.
அது இன்னும் கூறிக்கொண்டிருக்கிறது.

அழற்சி என்ற சொல்லுக்குள் அழல் இருக்கிறது.
இதற்குள் சூடுகூட இல்லை.
நான் என்ன பெயர் சொல்வேன்?
ஒரு மனிசனின் ஒரு துண்டு,
அதை வைத்து எதையும் நிறுவ முடியாது.
கொழும்புப் பேராசிரியரும் ஓரத்தில்
கேள்விக்குறி ஒன்றைத்தான் போட்டிருந்தார்,
பென்சிலால்.

போன் எடுத்தால் பதில் இல்லை.
விடிய ஐந்தரைக்கு களுவாஞ்சிகுடியிலிருந்து
ஸ்கூட்டரில் போனேன்.
கரைவலை ஏறியிருந்தது. கீரி, கும்பிளா,
ஈரக் கால்களின் வட்டம், நடுவில் ஆதம்பாவா.
வாய் வலப்பக்கம் கொஞ்சம் மட்டாகத்தான் திறக்கிறது.
"நாலாயிரம்! நாலாயிரத்தி இருநூறு!"
நோவு பாதி போயிருக்கலாம்.
போன பாதி எங்கே போனதென்று தெரியாது.
கேட்க வேண்டும்.
கூட்டத்துக்குப் பின்னால் நின்று
ரிப்போர்ட் கவரை உயர்த்திக் காட்டினேன்.

அவர் கண்டுவிட்டார்.
"நாலாயிரத்தி ஐநூறு, டொக்டரம்மா!
ஒருதரம்! ரெண்டுதரம்!"

கையை இறக்குவதற்குள்
மூன்றாம் தரமும் சொல்லியாகிவிட்டது.

ஒரு கூடை கீரி.
ஸ்கூட்டரில் எங்கே வைக்கிறது.