ஏழாவது கேள்வி

புதுக்கடையில், நீதிமன்றத்துக்குப் பின்பக்கம்,
போட்டோக்கொப்பிக் கடையின் மேல்மாடியில்
எனக்கு ஒரு மேசை.
சட்டத்தரணிமார் எழுதித் தரும் கேள்விகளைத்
தமிழில் வைப்பது என் வேலை.
கேட்பது நானில்லை, திரை.
அதற்கு இரவு பகல் இல்லை, கட்டணம் இல்லை,
தொண்டையைச் செருமி மணிக்கூட்டைப் பார்க்கும்
பழக்கமும் இல்லை.

நீங்கள் வாடகைக்கு இருப்பவரா?
ஆம். இல்லை.
வாடகைத் துண்டு வைத்திருக்கிறீர்களா?
ஆம். இல்லை.
ஒவ்வொரு விடைக்கும் ஒரு கதவு,
கதவுக்கு அப்பால் அடுத்த கேள்வி.
கடைசிக் கதவில்
நிரப்பிய கடிதம், போகவேண்டிய கந்தோர்,
பஸ் இலக்கம்.

திங்கட்கிழமை கணக்குப் பார்ப்போம்.
பெயர் வராது, ஊர் வராது,
எத்தனை பேர் எந்தக் கேள்வியில் நின்றார்கள்
என்பது மட்டும் வரும்.
ஏழில் நிற்கிறார்கள். வாராவாரம் ஏழில்.
“உரித்தாளரிடமிருந்து எழுத்துமூல அறிவித்தல்
கிடைக்கப்பெற்றதா?”
நான் எழுதிய வரி.
ஒற்றுப்பிழைகூட இல்லை.

இணைப்பு மெதுவாயிருக்கும் என்றார் கவிஷ்க.
டேட்டா முடிந்திருக்கும் என்றார்
சட்டத்தரணி மெரீனா அருள்நாயகம்.
நான் கீழே இறங்கி
ரிஸ்மியாவிடம் போனை நீட்டினேன்.
கிராண்ட்பாஸில் ஒற்றை அறை, மூன்று பிள்ளைகள்,
நாள் முழுக்க
மற்றவர்களின் காணி உறுதிகளைப் பிரதி எடுப்பவள்.
ஆறு கேள்விக்கும் படபடவென்று தட்டினாள்.
ஏழில், விரல் அந்தரத்தில்.

“கடிதம் ஒண்டு வந்திச்சு. சிங்களத்துல.
பேச வரும், வாசிக்கத்தான் வராது.
வந்ததெண்டு அமத்தினா
நாளைக்கே எழும்பச் சொல்லுவாங்களா?
இத வீட்டுக்காரர் பாப்பாரா?”

பின்னால் இயந்திரத்தின் பச்சை வெளிச்சம்
யாருடையதோ ஒரு கையெழுத்தின் மேல்
போய் வந்தது.

மேலே வந்து
‘ஏழை அழி’ என்று குறிப்பு எழுதினேன்.
வாசித்துத் திடுக்கிட்டு
‘ஏழாவதை’ என்று திருத்தினேன்.

“வீட்டை விடச் சொல்லிக் கடிதம் வந்ததா?
எந்த மொழியில் என்றாலும் சரி.
ஓம். இல்லை. வந்தது, விளங்கவில்லை.”
அதன் கீழே, சின்ன எழுத்தில்லாமல்:
உங்கள் விடையை வீட்டுக்காரர் பார்க்கமாட்டார்.

‘ஆம்’ எங்கே என்று மெரீனா புருவம் தூக்கினார்.
இந்தத் தெருவில் இருபது வருடம்,
கூண்டில் ஏறினவர்கூட
ஆம் சொல்லிக் கேட்டதில்லை என்றேன்.
சிரிக்கவில்லை. விட்டுவிட்டார்.

மூன்றாவது பொத்தானைத்தான்
ரிஸ்மியா அமத்தினாள்,
கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பினாள்.
அதில் இருந்தது ஒரு தவணை:
பத்தொன்பதாம் திகதி.
பன்னிரண்டு நாள் மிச்சம்.
பன்னிரண்டு நாளில் என்ன செய்யலாம் என்று
திரை அவளுக்குச் சொன்னது.
செய்ய விடுவார்களா என்று
அதுக்குத் தெரியாது.

இந்தத் திங்கள் ஏழு வெறிச்சோடிக் கிடக்கிறது.
எட்டில் நிற்கிறார்கள்.
“வருமானச் சான்று இணைக்கப்பட்டுள்ளதா?”

செருப்பை மாட்டிக்கொண்டு
திரும்பவும் படியிறங்குகிறேன்.