கதவு தட்டப்படுகிறது (ஐந்து நிமிடம்)

சங்கீதத்துக்குக் குரல் இல்லை.
சித்திரத்துக்கு வர்ணப்பெட்டி வாங்க அந்த மாதம் காசில்லை.
நடனம் என்றால் சலங்கை, உடுப்பு, பிறகு படம் பிடிக்கிறவருக்கும் கொடுக்கவேணும்.
மிஞ்சினது நாடகமும் அரங்கியலும்.
படிவத்தை வாங்கிப் பார்த்த எழில்வதனி ரீச்சர்
"நடிப்பீரோ?" என்று கேட்டா.
"வீட்டில நல்லா நடிப்பன் மிஸ்."
சிரித்துப்போட்டு என் பெயரை எழுதினா.

இரண்டு வருசம் பாடமாக்கினோம்.
வட்டக்களரி என்றால் என்ன, நான்கு புள்ளி.
வடமோடிக்கும் தென்மோடிக்கும் வேறுபாடு, ஆறு.
படச்சட்ட மேடையைக் கீறிப் பெயரிடுக:
அடிமட்டம் வைத்துக் கீறினேன்,
மேடையில் ஆள் கீற மறந்துபோனேன்.
மெய்ப்பாடு எட்டு.
அழுகை இரண்டாவது.
அச்சம் ஐந்தாவது.

செய்முறை அன்று வல்லைவெளியில்
பஸ் ஜன்னல் மூட மாட்டன் என்றது.
ஒப்பனை என்று பூசின பவுடரையெல்லாம்
காற்று வாங்கிக்கொண்டு போனது.

கோப்பாயில் ஒரு வகுப்பறை.
மேசை வாங்குகளைப் பின்சுவரோடு அடுக்கி
நடுவில் வெறும் சீமெந்து நிலம்.
கரும்பலகையில் யாரோ அரைகுறையாய் அழித்த பின்னக்கணக்கு.
பரீட்சகர் இரண்டு பேர்.
ஒருவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்,
மற்றவர் சோடாப் போத்திலைத் திறந்தார்.
எங்கள் நாலு பேருக்கும் ஒரே துண்டு:
கதவு தட்டப்படுகிறது.

டிலக்சன் திறந்தான். கனடாவிலிருந்து மாமா.
இல்லாத சொக்லேற்றை உரித்துத் தின்று
இல்லாத தாளையும் நக்கினான்.
பரீட்சகர்கள் சிரித்தார்கள்.
யதுர்சிகா திறந்தாள். லோன்காரன்.
"அம்மா வீட்டில இல்லை" என்று
அம்மாவே சொல்கிற மாதிரி.
அதற்கும் சிரித்தார்கள், கொஞ்சம் பிந்தி.
றொபின்சன் திறந்தான். ஒருவரும் இல்லை, காற்று.
ஒரு நிமிடத்தில் கதை முடிந்துபோக
மிச்ச நாலு நிமிடமும்
பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டான்.

நான் திறக்கவில்லை.

யோசித்துச் செய்ததில்லை.
கை தானாகச் சுவருக்குப் போய்
இல்லாத லைற்றை நூர்த்தது.
கால்கள் செருப்பைக் கழற்றின, சத்தம் வராமல்.
குந்தி இருந்து
பக்கத்தில் இல்லாத ஒரு பிள்ளையின் வாயை
உள்ளங்கையால் மூடினேன்.
இறுக்கி இல்லை.
மூச்சுப் போகிற அளவுக்கு.

இதை ரீச்சர் பழக்கவில்லை.
நான் பிறந்தது எல்லாம் முடிந்த பிறகு.
எங்கள் வீட்டில் அந்தக் கதை கதைக்கிறதும் இல்லை.
ஆனால் இரவு எட்டு மணிக்குப் பிறகு தட்டினால்,
சீனி கேட்டு வந்த பக்கத்து வீட்டு அன்ரி என்றாலும்,
அம்மாவின் கை முதலில் ஆளிக்குப் போகும்.
பிறகு தம்பியின் வாய்க்கு.
அவனுக்குப் பன்னிரண்டு வயது, மீசை அரும்புது.
"விடுங்கோ அம்மா" என்று தட்டிவிடுவான்.

ஃபான் சுற்றுகிற சத்தம் மட்டும்.
பேனை ஒன்று பாதிச் சொல்லில் நின்றது.
சோடா மூடியைத் திருகப் போன கை
திருகவில்லை.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
வகுப்பறையின் உண்மையான கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிடம் முடிந்ததை ஒருவரும் சொல்லவில்லை.
அடுத்த குழுவைக் கூட்டிக்கொண்டு வந்த பியோன்
வெளியே நின்று தட்டினார்.
இரண்டு தரம்.
ஒருவரும் எழும்பவில்லை.
பிறகு டிலக்சன்தான் போய்த் திறந்தான்.

(பெறுபேறு வந்தது. அவனுக்கு ஏ. எனக்கு பி.)

அன்று பின்னேரம் அம்மா கேட்டா,
"என்ன நடிச்சனி?"
"கதவு தட்டுறது அம்மா."
"அதில என்ன கிடக்கு நடிக்க?
போய்த் திறக்கிறதுதானே."
சொல்லிக்கொண்டே எழும்பிப் போய்
முன்கதவுக் கொளுக்கியை ஒருக்கால் தொட்டுப் பார்த்தா.
மணி நாலரை.
முற்றம் முழுக்க வெயில்.