என் மூக்கு எடுத்த ஏழு விக்கெட்

வூஸ்டர் மைதானத்தில் செவ்வாய்க்கிழமை.
நான்கு நாள் ஆட்டத்தின் மூன்றாம் நாள்.
பார்க்க வந்தவர்கள் நூற்றுப்பத்துப் பேர்,
விழித்திருந்தவர்கள் நாற்பது.
ஆற்றோரத் தேவாலயக் கோபுரம்
எட்டி நின்று ஓசியில் பார்த்தது.

இரவு வேலை முடிந்து நேரே வந்திருந்தோம்
நானும் குகதாசும்,
பாண் ஃபாக்டரி மா இன்னும் காதுமடலில்.
ஓட்டம் வராத நேரத்துக்கு
எங்களிடம் ஒரு விளையாட்டு உண்டு:
ஆளைப் பார், அந்த ஆள் யாரென்று சொல்.

"ஓப்பனரைப் பார் மச்சான்," என்றான்.
பார்த்தேன். சந்தேகமே இல்லை,
கோயில் வாசல் துவாரபாலகர்,
கதாயுதத்தைக் கொடுத்து மட்டை வாங்கியவர்.
அதே பிதுங்கிய விழி, அதே தொடை.
அடிக்கப் போகிறவர்போல் ஒரு மணி நேரமாக
ஓங்கி நிற்கிறார்,
அடிக்கவில்லை.

விக்கெட் கீப்பருக்கு, கறுப்பு வெள்ளைப் படத்தில்
கல்யாணத்தை நிறுத்த வருகிறவனின் மீசை.
பந்துக்குப் பந்து கை தூக்கிக் கத்துகிறான்.
நடுவர்தான் காதில் வாங்காமல்
தாலியைக் கட்டச் சொல்கிறார்.

ஸ்லிப்பில் நிற்கும் மூவரும்
ஒரு சவர விளம்பரம்:
'முன்', 'பின்',
மூன்றாமவர் பிளேடு.

எல்லைக் கோட்டில் எங்கள் முன் நின்ற
வேகப்பந்துக்காரன் மட்டும் வெகுநேரம் பிடிபடவில்லை.
சுருண்ட தாடி, பக்கவாட்டுப் பார்வை, சோகம்.
குகதாஸ் துள்ளினான்: "இஸ்பேட் ராசா!"
இடுப்புக்குக் கீழே தலைகீழாய்
இன்னொரு தாடி இருக்குமோ என்று
இருவரும் குனிந்து பார்த்தோம்.
ராசா திரும்பினான்.
நல்லவேளை, தேநீர் இடைவேளை.

கேக் வரிசையில்
ஊதாத் தொப்பி அணிந்த மூதாட்டி ஒருவர்
என்னையே பார்த்தார்.
"மிஸ்டர் ரம்ப்ரசாத்! கயானா!
எழுபத்தெட்டில், ஈர பிட்ச்சில்,
ஒரே மாலையில் ஏழு விக்கெட்!"

எங்களில் எல்லாரும் ஒரே முகம் என்று
நினைக்கிறவர்களுக்காகவே
ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன்.
அதை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

அவர் விடவில்லை.
முழங்கையைப் பிடித்து
நடைபாதைச் சுவருக்கு இழுத்துப் போனார்.
படத்தைப் பார்த்தேன்.
மாட்டிய சிரிப்பு கழன்று விழுந்தது.

நான்.
வெள்ளைக் கால்சட்டையில் நான்.
முன்நெற்றி ஏறிய அதே ஏற்றம்,
வெயிலை நம்பாத அதே இடக்கண்.
என் மூக்கு வலப்பக்கம் சாய்ந்தது
சாவகச்சேரியில், சைக்கிளில், மதகில் மோதி.
இந்த ஆள் எந்த மதகில் மோதினாரோ!
நான் பிறக்குமுன்பே
என் மூக்கு இங்கே வந்து
ஏழு விக்கெட் எடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

"ஒன்று கேட்க வேண்டும்," என்றார் தாழ்ந்த குரலில்.
"கடைசி ஓவரில் ஏன் அந்த நோபால்?
அதில்தானே தோற்றோம்."

உண்மையைச் சொல்லலாம்.
ரம்ப்ரசாத்துக்கு இப்போது எழுபது தாண்டியிருக்கும்,
எனக்கு நாற்பத்தாறு.
ஆனால் இவ்வளவு காலம் காத்திருந்த கேள்வியை
வெறுங்கையோடு எப்படி அனுப்புவது?

"மழை, அம்மா," என்றேன். "கால் வழுக்கிவிட்டது."

"அப்படித்தான் என் கணவரும் சொன்னார்.
சாகும்வரை சொன்னார்.
நான்தான் காசு வாங்கினீர்கள் என்று
சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன்."
ஸ்கோர் அட்டையை நீட்டினார்.
தமிழில் என் பெயரை எழுதினேன்.
"அதே கிறுக்கல்!" என்று பூரித்தார்.
எலுமிச்சை கேக் இரண்டாம் துண்டும் கிடைத்தது.

குகதாசுக்குப் பொறுக்கவில்லை.
கடைசி ஒன்றரை மணி ஆட்டத்தை விட்டுவிட்டு
நடைபாதை முழுக்க, படம் படமாக,
தன் முகத்தைத் தேடினான்.
கேப்டன்கள், பொருளாளர்கள்,
வெள்ளத்தில் படகோட்டிய புல்வெட்டி,
ஒருவரும் ஒத்துவரவில்லை.

கழிப்பறைக் கதவோரம், மங்கலாய், கடைசிப் படம்:
ரோலர் இழுத்த குதிரை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவனும் சொல்லவில்லை.
திரும்பும் பேருந்தில், பாலம் தாண்டியதும்,
ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து
மேலுதட்டை மெல்லச் சுருட்டிப் பார்க்கிறான்.