ஐந்தாவது ஆள்

அம்மா திரும்பிவந்தாள்.
நான் வந்தேன், அவ்வளவுதான்.
ஒரே விமானம், அடுத்தடுத்த இருக்கை.
இறங்கியபோது அவளுக்கு அது ஊர்.
கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்து
முப்பத்தொரு வருடம் அங்கேயே வரிசையில் நின்ற எனக்கு
கிளிநொச்சி வெளிநாடு.

கரடிப்போக்குச் சந்தியில் இறங்கு என்றார்கள்.
இந்த வயதில் யாரிடம் போய்க் கேட்பது
கரடி எந்தப் பக்கம் போனதென்று.

கடையில் சர்க்கரை கேட்டேன்.
பழுப்பாய் ஒரு கட்டியைக் காகிதத்தில் சுற்றித் தந்தார்.
வெள்ளையாக இருப்பதற்கு இங்கே சீனி என்று பெயர்.
வாயைத் திறந்தால் திரும்பிப் பார்த்தார்கள்,
ஆகவே ஒரு மாதம் விரலால் காட்டி வாங்கினேன்:
அது, அது, அந்தப் பெரியது வேண்டாம், அது.

யாரும் கெட்டவர்கள் இல்லை.
எதிர்வீட்டு விளக்கு ஒன்பதரைக்கு அணையும்.
கொழும்பு ரயில் போகிற சத்தம் கேட்கும்.
கைபேசியில் இருந்த எண்களெல்லாம்
தொண்ணூற்றொன்றில் தொடங்கின.

பிறகு ஒரு காலை படலையைத் தட்டி
தவமலர் கேட்டாள்:
"அக்கா, உங்களுக்குக் கடன் வேணுமோ?"
இந்த நாட்டில் என் வாசலுக்கு வந்த முதல் கேள்வி.
குழுவுக்கு ஐந்து பேர் வேண்டுமாம்.
நாலு பேர் இருக்கினம், ஓராள் குறையுது.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்டவேண்டும்,
அதனால் நம்பிக்கையான ஆள் தேவை.
"என்னை உங்களுக்குத் தெரியாதே" என்றேன்.
"அதுதான். தெரிஞ்ச ஆக்களை நம்பேலாது."

கிரைண்டர் வாங்கினேன்.
தோசை மாவு அரைத்துப் பையில் கட்டி விற்றேன்.
வெள்ளையாய்க் கிடக்கு, மஞ்சள் போடேல்லையோ என்றாள் யசிந்தா.
போட்ட பிறகு என் தோசையை எனக்கே அடையாளம் தெரியவில்லை,
ஆனால் விற்றது.
செவ்வாய்தோறும் மூன்று மணிக்கு
தவமலர் வீட்டு வேம்பின் கீழ்
ஆளுக்கு ஆயிரத்து நானூற்றிப் பத்து.

ஒன்பதாம் வாரம் நிரோஜினி வரவில்லை.
போனையும் நிறுத்தி வைத்திருந்தாள்.
லோன் தம்பி தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு
காசு வராமல் எழும்ப மாட்டேன் என்று உட்கார்ந்தான்.
நாலு மணி, ஐந்து, ஆறு.
தவமலர் அவனுக்குப் பிளேன்ரீ கொடுத்தாள்,
கொடுத்துக்கொண்டே ஏசினாள்.
அவனும் மத்தியானம் சாப்பிட்டிருக்கவில்லை.
கடைசியில் என் மாவுக் காசு போனது,
சுகிர்தா மகனின் ரியூசன் காசும்.

இரண்டு சைக்கிளில் நான்கு பேர்
உருத்திரபுரத்துக்கு மிதித்தோம்.
வீட்டில் ஆளில்லை. ஆடுகளும் இல்லை,
கடனில் வாங்கிய மூன்றும்.
கக்கூஸ் கதவு மட்டும் உள்ளே தாழிட்டிருந்தது.

மற்றவர்களுக்கு அவள் மச்சாள், கூடப் படித்தவள், பக்கத்துக் காணி.
ஏசுவதற்கு என்னை முன்னே தள்ளினார்கள்.
வெளியாளுக்கு அந்த வசதி உண்டு.
நானும் விரலால் பேசி விரலால் பேசி
அடக்கி வைத்திருந்த மெட்ராஸ் முழுவதும் ஒன்றாய் வந்தது:
"ஏய், யார்கிட்ட டகால்டி வேலை காட்டுற?"

உள்ளே சத்தமில்லை.
வெளியே ஒரு தவளை.
பிறகு கதவுக்குள்ளிருந்து, மிகச் சின்னக் குரலில்:
"டகால்டி எண்டால் என்ன?"

யார் முதலில் சிரித்தது என்பதில் இன்றுவரை தகராறு.
தாழைத் திறந்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது.
அழுததாலா, வேறெதனாலா,
அன்றைக்கு நாங்கள் கேட்கவில்லை.
அவளாகச் சொல்ல இரண்டு மாதம் ஆனது,
அதை இங்கே எழுதமாட்டேன்.

இப்போது அது எங்கள் சொல்.
மழை ஏமாற்றினால் டகால்டி, பஸ் வராவிட்டால் டகால்டி,
பாதர் பூசையைச் சுருக்கினால், யசிந்தா சொல்கிறாள், அதுவும்.
சைபர் ஏழில் தொடங்கும் எண்கள் என்னிடம் நாலு இருக்கின்றன,
ஐந்தாவது லோன் தம்பியுடையது.

கடன் முடியப் பதினொரு வாரம்.
அதற்குப் பிறகு எந்தச் சாட்டில் கூடுவது என்று
யாரும் கதைக்கவில்லை.
போன செவ்வாய் நிரோஜினி மெல்லக் கேட்டாள்:
"இன்னொரு லோன் எடுப்பமோ?"
நாலு பேரும் செருப்பைக் கழற்றினோம்.