பின்புறம்

சனிக்கிழமை காலை ஏழரை.
நெப்ராஸ்காவில், சோளக்காட்டு நடுவே
விமானங்கள் கைவிட்ட ஓடுதளம்.
தகரக் கொட்டகை முன்னால் பதினாறு கார்கள்,
பல் மருத்துவரிடம் வந்தவை போல
வாய் பிளந்து நிற்கின்றன.

டுவேன் பொகோர்னி வாரநாட்களில்
பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் மாற்றுகிறவர்.
இன்று அவரிடம் ஒரு டார்ச், கைப்பிடி வைத்த கண்ணாடி,
கிரீஸ் படிந்த விதிப்புத்தகம்.

முதல் காருக்கு ஹெல்மெட் காலாவதி.
'தலை அதே தலைதானே' என்றார் சொந்தக்காரர்.
'அதனால்தான்' என்றார் டுவேன்.

அடுத்ததில், பெல்ட்டில் தைத்த தேதி வெளிறி
ஒன்றா ஏழா தெரியவில்லை.
ஏழு என்றால் ஓடலாம்.
நிழலில் பிடித்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பார்த்தார்,
எழுத்தையே வெயில் இவ்வளவு தின்றிருந்தால்
நாடாவில் என்ன மிச்சம் என்று கேட்டார்.
அதற்கு உரை எழுத ஆளில்லை.

மூன்றாவது, மார்லீஸ் கெர்டிங்கின் பச்சை டஸ்டர்.
பன்றிப் பண்ணைகளுக்குக் கணக்கு எழுதுகிறவள்,
அதே பேனாவால் விதிப்புத்தகத்தில்
அடிக்கோடு போட்டு வைத்திருந்தாள்.

மின்சாரத்தை அறுக்கும் சுவிட்ச்
காரின் பின்புறத்தில் இருக்க வேண்டும்,
வெளியிலிருந்து கைக்கு எட்ட வேண்டும்.
அவ்வளவுதான். ஒன்றரை வரி.
அவள் சுவிட்ச், நம்பர் பிளேட்டின் மறைவில்.
பிளேட்டைக் கீழே மடக்கினால் தெரியும்.

'மூடினால் அது உள்ளே.'
'காற்று படுகிறதே, அது வெளியே.'
'பின்புறத்தில் என்றால் பின்புறத்தின் மேல்.'
'அப்படி எழுதியிருந்தால் சரி. எழுதவில்லையே.'

ஏழாம் வேற்றுமை உருபு ஒன்றுக்காக
பதிமூன்று கார்கள் காத்து நின்றன.
இறங்கி வந்தவர்கள் ஆளுக்கொரு பொருள் சொன்னார்கள்.
கேன்சஸில் இதை விட்டார்கள் என்று ஒருவர்.
கேன்சஸில் எதைத்தான் விடவில்லை என்று இன்னொருவர்.
போன ஜூலையில் நீங்களே விட்டீர்கள் என்று
மார்லீஸ், தேதியோடு.

அது உண்மை.
அன்று மழை கறுத்து வந்தது, அவருக்குப் பசி,
குனியாமலே கையெழுத்துப் போட்டார்.

டுவேனின் காது சிவந்தது.
புத்தகத்தை மூடினார்.
ஆம்புலன்ஸ் படியில் டோனட் தின்றுகொண்டிருந்த
கெய்டனைக் கூப்பிட்டார். பத்தொன்பது வயது,
இந்தக் களத்தில் முதல் நாள்.
'கையுறை போடு. எஞ்சின் ஓடுகிறது.
அவளுக்கு நினைவில்லை. அணை.'

மார்லீஸ் இருக்கையில் கண் மூடிக் கிடந்தாள்.
டஸ்டர் உறுமியது.
பையன் பம்பரைத் தடவினான், டிக்கியைத் தட்டினான்,
மண்டியிட்டு அடியில் பார்த்தான்.
இருட்டில் தாழ்ப்பாள் தேடுகிற கை,
இரண்டு முறை அந்தப் பிளேட்டைத் தாண்டிப் போனது.
யாரும் சொல்லித் தரவில்லை. யாரும் சிரிக்கவுமில்லை.
யாரோ கடிகாரத்தை அழுத்தியிருந்தார்கள்.
இருபது நொடி. முப்பது.
கால் மைலைப் பதினொன்றரை நொடியில் முடிக்கிற கார்
நின்ற இடத்திலேயே நான்காம் முறை
ஓடத் தொடங்கியபோது
அவளே சாவியைத் திருப்பினாள்.

இறங்கினாள். பையனைப் பார்க்கவில்லை.
'விதியில் கெய்டன் இல்லை' என்றாள்.
'இல்லை' என்றார் டுவேன்.
கொஞ்ச நேரம் சோளத்தோகை மட்டும் பேசியது.

பிறகு ஸ்பேனர் கேட்டாள்.
இரண்டு போல்ட். பிளேட் கழன்று வந்தது.
யாருடைய மகளிடமோ நகப்பூச்சு வாங்கி
சுவிட்சுக்கு மேலே ஓர் அம்பு வரைந்தாள்,
கோணலாக, இரத்தச் சிவப்பில்.
பிளேட்டை இருக்கைக்கு அடியில் செருகப் போனவளை
'தளர்ந்த பொருள்' என்று தடுத்தார் டுவேன்.
'அது வேறு விதி.'
'தெரியும்' என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

இந்த முறை குனிந்தார்.
முழங்கால் சொடுக்கியது.
சுவிட்சைத் திருப்பினார், மறுபடி திருப்பினார்.
நூற்றுப் பதினெட்டு மைல் வேகத்தில்
போகப் போகிற அந்தச் சிறு காகிதத்தில்
மெதுவாக, முழுப் பெயரையும் எழுதினார்.

நான்காவது கார் உருண்டு வந்தது.
'திருகு முழுதும் உள்ளே என்றால்
எந்த முழுது?' என்று தொடங்கினார் அதன் சொந்தக்காரர்.

கெய்டன் கையுறையைக் கழற்றவில்லை.
வரிசையில் நின்ற கார்களின் பின்னால்
ஒவ்வொன்றாய்ப் போய்
தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.