நாலரை ஓவர்

முதல் நாளே என்னிடம் சண்டைக்கு வந்தான்.
"அக்கா, அது லெக் பை. பேட்டுல படவே இல்ல.
என் கணக்குல எதுக்கு ஒரு ரன்?"
அம்பயர் காலைத் தொட்டுக் காட்டவில்லை,
நான் எழுதிவிட்டேன் என்றேன்.
பத்தொன்பது வயசு. காசிமேடு.
பெயர்ச் சீட்டில் பாதி வியர்வையில் அழிந்திருந்தது.
இருதயராஜ் என்று அவனே சொன்னான்.
இடக்கை. வேகம்.

எனக்குத் தெரிந்தவரை அவன் ஆள் அல்ல,
ஒரு வரிசைக் கட்டங்கள்.
ரன் போகாத பந்துக்கு ஒரு புள்ளி.
ஆறும் புள்ளியானால் கோடிழுத்துச் சேர்ப்பேன்,
எம் என்று எழுத்து எழும்பும்.
அந்த ஆறில் ஒருவன் அவுட்டானால்
அதே எழுத்தைத் தலைகீழாய்ப் போட வேண்டும்.
அந்த வருஷம் மட்டும்
பதினோரு முறை தலைகீழாய்ப் போட்டேன்.

அம்பத்தூர் டயர் கம்பெனி வேலை கொடுத்தது.
ஸ்டோர்ஸ் கிளார்க்.
ஸ்டோர்ஸ் எந்தக் கட்டடத்தில் இருக்கிறதென்று
மூன்றாம் வருஷம்தான் தெரிந்ததாம்,
அதுவும் சைக்கிள் டயர் கேட்டுப் போனபோது.

ஐஐடி மைதானத்தில் ஒரு முறை
ஓடி வருகிறவனுக்குக் குறுக்கே மான்.
நின்றான். அது போகட்டுமென்று காத்திருந்தான்.
திரும்ப நடந்து, பதினேழு எட்டு எண்ணி,
மறுபடி ஓடிவந்து ஆஃப் ஸ்டம்பைச் சாய்த்தான்.
விக்கெட்டை எழுதினேன்.
மானுக்குக் கட்டம் இல்லை.

மாநில அணி கூப்பிட்டது. பன்னிரண்டு நாள்.
ராஜ்கோட்டில் தண்ணீர் பாட்டில் தூக்கிவிட்டு வந்து
தொப்பியைக் கழற்றிக் காட்டினான்.
உள்பட்டியில் வேறொருவன் பெயர்.
"பரவால்லக்கா, தலை ஒண்ணுதான்" என்றான்.
இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

பிறகு சித்திரை வெயிலில் சேப்பாக்கம் வலைகள்.
பெரிய ஆட்டக்காரர்களுக்குப் பந்து போடும் வேலை,
நாளுக்கு இவ்வளவு, மதியச் சாப்பாடு.
ஒரு ராத்திரி பதினோரு மணிக்குப் போன்.
யாரை என்று சொன்னான், நான் சொல்ல மாட்டேன்.
நடு ஸ்டம்பாம். உள்ளே திரும்பிய பந்தாம்.
அந்த மனுஷன் குனிந்து பிட்ச்சைப் பார்த்தாராம்,
பிறகு இவனை.
"எங்கயாவது எழுதி வைங்கக்கா."
பார்க்காததை எழுதுகிற வழக்கம் இல்லை என்றேன்.
அவன் வீட்டு ஃபேன் ஓடும் சத்தம்
ரொம்ப நேரம் கேட்டது.

தோள் போனது டாக்டருக்கு முன்னால் எனக்குத் தெரியும்.
ஐந்தாவது ஓவருக்கு மேல்
நாலு, நாலு என்று விழ ஆரம்பித்தது.
கீழ்ப்பாக்கத்தில் மூன்று ஊசி.
ஊசி போட்ட வாரம் புள்ளிகள் வரும்,
அடுத்த வாரம் போகும்.
முதல் டிவிஷன் போய் இரண்டாவது,
புதுப் பந்து போய் பழைய பந்து.

வேளச்சேரியில் கடைசி ஆட்டம்,
கடைசி என்று யாரும் அறிவிக்காத ஞாயிறு.
நாலு ஓவர், ஒரு மெய்டன், ஒன்பது ரன்.
ஸ்லிப்பில் ஒரு கேட்ச் நழுவியது.
அதற்கும் கட்டம் இல்லை.
ஐந்தாவதில் மூன்று பந்து. மூன்றும் புள்ளி.
நாலாவதுக்கு நடந்து போனவன்
பதினேழு வரை எண்ணவில்லை.
பந்தைக் கேப்டன் கையில் கொடுத்துவிட்டு
எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போனான்.
மிச்சத்தை ஒரு சுழல் பையன் முடித்தான்.
மூன்று புள்ளியைச் சேர்த்தால்
எந்த எழுத்தும் வராது.

ஒன்று சொல்ல வேண்டும்.
அந்த ஒன்பதில் ஒரு ரன் நிஜமாகவே லெக் பை.
சத்தம் எனக்குக் கேட்டது, பேடில் பட்ட சத்தம்.
அம்பயர் காலைத் தொட மறந்தார்.
பதினான்கு வருஷமாய் ஆட்டம் முடிந்ததும்
என் மேஜைக்கு வந்து ஒவ்வொரு ரன்னுக்கும்
வாதாடினவன் வருவான் என்று
ரப்பரை எடுத்து வெளியே வைத்தேன்.
அவன் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து
வலக் கையால் ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.
ஒரு முடிச்சு வரவே இல்லை.
மழை தூறியது. புத்தகத்தை மூடினேன்.
ஒன்பதென்றே இருக்கிறது.