ஆழம், உப்பு, ஓட்டம்

காலை ஐந்தரைக்கே வண்டிக் கதவின் கைப்பிடி சுடுகிறது.
பின்னிருக்கையில் நீர்ப்பாசன அலுவலகத்தின் படிவக் கட்டு,
நூற்றைம்பது மீட்டர் நாடா,
நாடா நுனியில் ஒரு பித்தளைக் குண்டு.
தண்ணீரைத் தொட்டால் அது ‘ப்ளக்’ என்னும்.
அந்தச் சத்தத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

வரைபடத்தில் ஹொஃபூஃப்
மணல்மேல் கவிழ்ந்த பச்சை மை.
கடல் எழுபது கிலோமீட்டர் தள்ளி.
இங்கே ஊறும் தண்ணீர் இந்த வானத்தினுடையதல்ல.
மேற்கே எங்கோ, மனிதர் எண்ணத் தொடங்கும் முன்
பெய்த மழை
சுண்ணாம்புப் பாறைக்குள் நடந்து நடந்து
இங்கு வந்து தலை நீட்டியது.
ஓர் ஊற்றுக்குப் பெயர் ஏழின் தாய்.
ஏழு வாய்க்கால்கள் தாமாகப் பிரிந்தனவாம்.
இப்போது தாய்க்கு மின்கட்டணம் வருகிறது.

தண்ணீர் இருந்ததால் வரி வந்தது,
வரி இருந்ததால் கோட்டை.
துருக்கியர் வந்தார்கள், போனார்கள், மறுபடி வந்தார்கள்;
வந்த முறையெல்லாம் மரங்களை எண்ணினார்கள்.
கொண்டை ஊசி மாதிரி வளைத்த காசு ஒன்று
இந்தச் சந்தையில் ஓடியது,
கூடவே நம்முடைய ரூபாயும்.
பேரீச்சை ஒட்டகமேறி உகைர் துறைக்குப் போகும், அங்கிருந்து பம்பாய்க்கு.
திரும்பும் ஒட்டகத்தில் அரிசி.
நான் வந்தது தம்மாம் ரயிலில்.

அரிசி இங்கேயே விளைகிறது என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
நாற்பத்தெட்டு டிகிரியில், பேரீச்சை மரங்களுக்கு நடுவே,
முழங்கால் சேற்றில்
மொஃபிஸுல் நாற்று நட்டுக்கொண்டிருந்தான்.
சிவப்பு அரிசி. கிலோ ஐம்பது ரியால்.
பிள்ளை பெற்ற வீடுகளில் வாங்குவார்களாம்.
நட்டவனும் அளப்பவனும்
ஐந்து கிலோ முப்பது ரியால் பையில் சமைக்கிறோம்.

மேற்கே, இரவில் சுடர் தெரியும் பக்கம், எண்ணெய் வயல்.
அறைத்தோழன் டெல்வின், குளச்சல்காரன், அங்கே வேலை.
“கடல்தண்ணியக் குழாயில கொண்டாந்து
பூமிக்குள்ள இறக்குதோம்டே.
அது தள்ளினாத்தான் எண்ணெய் மேல வரும்.”
அவன் கடலை இறக்குகிறான்.
நான், இறங்கிப் போகும் நல்ல தண்ணீரின் பின்னாலேயே போகிறேன்.
இருவரும் ஒரே குழாயடியில் பல் துலக்குகிறோம்.
அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று
இருவருமே கேட்டதில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாம் கிணறு, அபூ ஜவாதுடையது.
வற்றிய கிணற்றை சிமெண்டால் அடைத்துவிடுவார்கள்.
அடைத்தால் பாசன உரிமை போகும்,
உரிமை போனால் நிலம் மனைக்கட்டு.
பக்கத்துத் தோப்பு ஏற்கெனவே கல்யாண மண்டபம்;
அதில் நீச்சல் குளம் இருக்கிறது.

நாடா இறங்கியது. எண்பது. நூறு.
போன வருடம் நூற்றுப் பன்னிரண்டில் சத்தம் கேட்டிருந்தது.
அதையும் தாண்டி இறங்கியது.
நூற்று முப்பத்தொன்றில்
குண்டு மெத்தென்று உட்கார்ந்தது.
நாங்கள் மூவரும் கிணற்று வாயருகே காதை வைத்து
கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம்.

மேலே இழுத்தேன். பித்தளையில் சேறு.
அபூ ஜவாது இரண்டு விரலால் வழித்துத் தேய்த்துப் பார்த்தார்,
மொஃபிஸுல் மோந்தான்.
“ரத்ப்,” என்றார் கிழவர். “எழுது.”
ஈரமாக இருக்கிறது.

படிவத்தில் ஆழம் உண்டு, உப்பு உண்டு, ஓட்டம் உண்டு.
ஈரத்துக்குக் கட்டம் இல்லை.
மூன்றிலும் கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டேன்.
“உன் கையெழுத்து நீளத்துக்குக்கூடத் தண்ணீர் இல்லை,”
சிரித்தார். பற்கள் மட்டும் சிரித்தன.

ஓரத்தில் வெற்றிடம் இருந்தது.
எனக்குத் தெரிந்த அரபியில்
மூன்று எழுத்துகளைக் கூட்டி எழுதினேன்.
ரத்ப் என்றாலும் அதே மூன்று,
ருதப், புதுப் பேரீச்சை, என்றாலும் அதே மூன்று.
குறி போடாமல் விட்டேன்.

அலுவலகத்தில் எப்படிப் படிப்பார்களோ.
அடுத்த கிணறு இருநூற்றுப் பதின்மூன்று.
நாடாவைத் துடைத்துச் சுருட்டினேன்;
விரல் மடிப்பில் சேறு
காய அரை மணி நேரம் ஆனது.